ஞானசிகாமணி சுவரான கதை

எல்ம்செஸ்டரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிய மறுநாள் காலையில், மில்டன் கீன்ஸில் தன் வீட்டுக் குளியலறையிலிருந்து ஞானசிகாமணி இடுப்பில் துண்டோடு வெளியே வந்தபோது, அவருடைய இடது தோள்பட்டைக்குக் கீழே அந்த நகரத்தின் பெயர் பழைய காலத்துக் கோணல் எழுத்தில், யாரோ ஆணியால் கீறியதுபோல் எழுதியிருந்தது. ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை, வலியும் இல்லை. கீறலைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சாம்பல் பூத்து, தொட்டால் அம்மிக்கல் மாதிரிச் சொரசொரப்பாகக் குளிர்ந்து கிடந்தது. அவர் மனைவி செண்பகவல்லிதான் அதை முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டு, கல்லில் கிடந்த தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "நாம எழுதுனா அதுவும் திருப்பி எழுதத்தானே செய்யும்" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதற்கு முந்தைய நாள் நடந்தது காரணம்.

மில்டன் கீன்ஸில் அவர்கள் ஒரு கூட்டமாக இருந்தார்கள். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, வந்த வேலை முடிந்தும் திரும்பிப் போகாமல், வீடு வாங்கி, குடியுரிமை வாங்கி, வாட்ஸ்அப்பில் 'மில்டன் கீன்ஸ் சொந்தங்கள்' என்று ஒரு குழு வைத்துக்கொண்டு, ஒருவர் வாங்கிய காரை மற்றவர்கள் வாய் நிறைய வாழ்த்திவிட்டு வீட்டுக்குள் போய் வயிறெரிந்து, விடுமுறை வந்தால் மட்டும் எல்லாவற்றையும் மறந்து ஒன்றாகக் கிளம்புகிற கூட்டம். கிளப்புகிறவர் ஈரோட்டுக்காரர் ராஜகணபதி. அவர் மனைவி பூமா புளியோதரை கட்டுவாள். எந்த ஊருக்குப் போனாலும் அவர்களுக்கு ஒரே சடங்குதான். கார் நிறுத்த இடம் தேடி ஊரை மூன்று சுற்றுச் சுற்றுவார்கள். நிறுத்திய இடத்திலேயே டிக்கியைத் திறந்து புளியோதரை சாப்பிடுவார்கள். கோட்டையோ கோபுரமோ எது எதிர்ப்பட்டாலும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனைப் பார்த்துச் சிரிப்பார்கள். இங்கிலாந்தின் பழம்பெருமைகளையெல்லாம் உள்ளபடியே நேருக்கு நேர் பார்த்தது அவர்களுடைய முதுகுகள்தான் என்று செண்பகவல்லி நினைத்துக்கொள்வாள். சொல்ல மாட்டாள். சொன்னால் அடுத்த முறை புளியோதரையை அவள் கட்ட வேண்டியிருக்கும்.

அந்தக் கூட்டத்தில் ஞானசிகாமணிக்குக் கென் என்று பெயர். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்கும் சுடலைமுத்து தன் மகனுக்கு ஆசை ஆசையாக வைத்த பெயரை, வெள்ளைக்காரர்கள் சொல்லத் திணறுவார்களே என்று, எந்த வெள்ளைக்காரரும் திணறிப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவராக வெட்டிக்கொண்டார். கூட்டத்தில் யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டால், "மேட்ச் ஃபேக்டரி வச்சிருந்தார்" என்பார். ஃபேக்டரி அப்பாவை வைத்திருந்தது என்பது செண்பகவல்லிக்கு மட்டும் தெரியும். ஊருக்குப் போய் வருஷக்கணக்காகிறது. ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம். ஒவ்வொரு காரணத்தையும் போனில் கேட்டுக்கொண்டு, "அதுக்கென்ன, வேலைதானே முக்கியம்" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழட்டுக் குரல் சொல்லும்.

எல்ம்செஸ்டர் மதில் சூழ்ந்த நகரம். மதிலின் மேலேயே ஊரைச் சுற்றி நடக்கலாம். ஒரு பக்கம் குனிந்தால் தேவாலயமும் தோட்டங்களும், மறு பக்கம் குனிந்தால் ரயில் நிலையமும் சூப்பர் மார்க்கெட்டும் தெரியும். ஞானசிகாமணி முன்னால் நடந்துகொண்டே, ரோமானியர் போட்ட அடித்தளம், வைக்கிங்குகள் இடித்த இடம், நார்மன்கள் திரும்பக் கட்டியது என்று, காலையில் போனில் படித்ததைப் பரம்பரைச் சொத்தைக் காட்டுவதுபோல் காட்டிக்கொண்டு வந்தார். சொந்த ஊருக்குப் பக்கத்தில் கழுகுமலையில் ஒரு மலையையே குடைந்து கோயிலாக்கி வைத்திருக்கிறதே, அதை யார் செய்தார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. காலேஜில் படித்தபோது அந்த மலைப் பாறையில் அவர் தன் பெயரையும், செண்பகவல்லி அல்லாத இன்னொரு பெண்ணின் பெயரையும் கீறிவிட்டு வந்தது மட்டும் தெரியும். அந்தப் பாறை ஒன்றும் செய்யவில்லை. கழுகுமலைக் கற்கள் இதற்கெல்லாம் பழகிப் போனவை.

வடக்கு வாசலைத் தாண்டியதும், ஒரு கல்லில் நூறு, இருநூறு வருஷத்துக்கு முந்தியவர்கள் கீறி வைத்த பெயர்களைப் பார்த்தார். உடனே கார் சாவியை எடுத்தார்.

"என்னங்க, அது உங்க அப்பா கட்டுன சுவரா?" என்றாள் செண்பகவல்லி.

"எங்கப்பா கட்டியிருந்தா அதுல போய் யாரு பேர் எழுதுவா?" என்றார் அவர். கூட்டம் சிரித்தது. ராஜகணபதி வீடியோ எடுத்தார். கென் என்று அவர் கீறி முடித்தபோது, நாயோடு அந்த வழியே வந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் நின்று, கல்லைப் பார்த்து, அவரைப் பார்த்து, "இன்றைக்கு வெயில் நன்றாக அடிக்கிறது, இல்லையா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நட்பாகப் பேசினார் என்று ஞானசிகாமணி வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் காறித் துப்புவதை அப்படித்தான் செய்வார்கள் என்று செண்பகவல்லிக்குப் புரிந்திருந்தது.

இதுதான் நடந்தது. அதன் பிறகு அந்த மதில் தன் வேலையைத் தொடங்கியது.

முதலில் ஊர்ப்பெயர் வந்தது. அப்புறம் விலா எலும்பில் ஒரு சிலுவை, முதுகில் கல்தச்சர்களின் அடையாளக் குறிகள், தொப்புளுக்கு மேலே ஒரு இதயமும் அதற்குள் இரண்டு எழுத்துகளும், வலது தொடையில் எவனோ ஒரு சிப்பாய் காவல் நின்ற அலுப்பில் எண்ணிக் கீறிய கோடுகள், அவற்றுக்குக் குறுக்கே இன்னொருவன் கீறிய கெட்ட வார்த்தை என்று, எண்ணூறு வருஷத்துக் கீறல்களும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த மதிலை விட்டிறங்கி, நெடுஞ்சாலை வழியாகத் தெற்கே வந்து, ஞானசிகாமணியின் மேல் ஏறி உட்கார்ந்தன. அங்கே எல்ம்செஸ்டரில் மதில் நேற்றுக் கட்டியதுபோல் வழவழவென்று ஆகிக்கொண்டிருப்பதாக டிவியில் காட்டினார்கள், கூடவே அவரையும் காட்டினார்கள். எழுத்து விழுந்த இடமெல்லாம் அவர் கல்லானார். கல்லான இடத்தில் பாசி பிடித்தது. டாக்டரிடம் போனார்கள். டாக்டர் தட்டிப் பார்த்தார், கூடக் கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் சொன்னார், இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடி வரச் சொன்னார்.

மில்டன் கீன்ஸ் சொந்தங்கள் பாத்திரம் பாத்திரமாகச் சாம்பாரோடு வந்தார்கள். இரங்கத்தான் வந்தார்கள், அரை மணி நேரத்தில் அது மறந்துபோனது. பூமா அவருடைய சட்டைக்கு வெளியே தெரிந்த கழுத்தைத் தடவிப் பார்த்து, "நம்ம கிச்சன்ல போட்டிருக்கிற கிரானைட்டவிட நல்ல ஃபினிஷிங்கா இருக்குங்க" என்று தன் கணவனிடம் சொன்னாள். வாட்ஸ்அப்பில் ஒருவர் இது சனிப்பெயர்ச்சி என்றார், இன்னொருவர் கால்சியம் என்றார், மூன்றாமவர் தங்கள் குழுவிலிருந்து ஒருவர் டிவியில் வந்ததற்கு வாழ்த்துச் சொல்லி மலர்க்கொத்துப் படம் போட்டார். உடனே எல்லோரும் மலர்க்கொத்துப் போட்டார்கள். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் அவரை மேடையேற்றி, சால்வை போர்த்தி, போர்த்திய சால்வையைப் புகைப்படத்துக்காக விலக்கினார்கள்.

தெருக்காரர்களும் வந்தார்கள். வந்து குடியேறிய நாளிலிருந்து ஹலோவுக்கு மேல் ஒரு வார்த்தை செலவழிக்காத பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தம்பதி, அந்தச் சிப்பாயின் கோடுகள் இங்கிலாந்து உள்நாட்டுப் போர்க் காலத்தவை என்று டிவியில் கேட்டதும், எலுமிச்சை கேக் செய்து எடுத்துக்கொண்டு வந்து, சோபாவில் உட்கார்ந்து, "எங்கள் முன்னோர் ஒருவர் அந்தப் போரில் எல்ம்செஸ்டர் முற்றுகையில் இருந்தார்" என்று கண் கலங்கி, அவருடைய தொடையைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தார்கள். மனிதராக இருந்தவரை அந்த நாட்டில் கிடைக்காத மரியாதை கல்லானதும் கிடைத்ததில் ஞானசிகாமணிக்கு அப்படி ஒரு பூரிப்பு. வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு அரைக்கால் சட்டையோடு ஹாலில் நின்றார். உட்கார முடியவில்லை என்பதையே பெருமையாகச் சொன்னார்.

"பாத்தியா செண்பகம், இத்தனை வருஷத்துல இந்த வீட்டு வாசப்படிய மிதிச்சிருப்பானா? இப்ப நான் அவங்க ஹிஸ்டரி."

"உங்களுக்குன்னு ஒண்ணு இருந்துச்சே, அத எங்க போட்டீங்க?" என்றாள் அவள். அன்றைக்கு அவர் காதில் பாதி கல்லாகி அடைந்திருந்தது.

அந்த மாதமே எல்ம்செஸ்டரின் புராதனச் சின்னங்கள் அலுவலகத்திலிருந்து பெனலோப்பி விட்டேக்கர் என்ற அம்மாள் வந்தாள். ஒல்லியாக, மென்மையாக, மழைக் கோட்டோடு வந்தாள். மெல்லிய பிரஷ்ஷால் அவரைத் துடைத்துப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, "ஓ, என்ன அழகு" என்றாள். பிறகு தேநீரில் பாலை ஊற்றிக்கொண்டே, அவரை முதல்தரப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருப்பதைச் சொன்னாள். இனி அவரைச் சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, பாசியைச் சுரண்டக் கூடாது, பக்கத்தில் மிக்சி ஓடக் கூடாது, பொதுமக்கள் பார்க்க வந்தால் கதவைத் திறந்துவிட வேண்டும். இதையெல்லாம் அவள் அவ்வளவு இனிமையாகச் சொன்னாள். செண்பகவல்லியைப் பார்த்து, "நீங்கள் இதைப் பராமரிக்கிறவரா?" என்று கேட்டாள்.

"மனைவி" என்றாள் செண்பகவல்லி.

"அற்புதம்" என்றாள் அந்த அம்மாள்.

இப்படியாக அவரவர் அவரவருக்குத் தோதான விதத்தில் அந்த அதிசயத்தைச் சமைத்துச் சாப்பிட்டு ஏப்பம் விட்டு உட்கார்ந்திருந்த காலத்தில், ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் கோவில்பட்டியிலிருந்து ஞானசிகாமணியின் தங்கை பேச்சியம்மாள் போன் செய்தாள். அப்பாவுக்கு முடியவில்லை. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். சோறு இறங்கவில்லை, மகன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். "மதினி, அண்ணனை எப்படியாவது கூட்டிட்டு வந்துருங்க. கல்லோ மண்ணோ, அப்படியே தூக்கிட்டாவது வந்துருங்க."

செண்பகவல்லி அந்த நிமிஷமே விட்டேக்கர் அம்மாளைக் கூப்பிட்டாள். அந்த அம்மாள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். ஆனால் முதல்தரச் சின்னத்தை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக வழியில்லை, மந்திரி நினைத்தாலும் முடியாது, அதிலும் அவ்வளவு வெப்பமான ஊருக்கு என்றால் விரிசல் விட்டுவிடும் என்றாள். பிற நாட்டுக் கற்களை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்வதற்கு மட்டும் எப்படி வழி இருந்தது என்று செண்பகவல்லி கேட்டாள். அந்த அம்மாள், அது வேறு துறை என்றாள்.

செண்பகவல்லி போனை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்து புருஷன் எதிரில் நின்றாள். "விட மாட்டாங்களாம். நீங்க சொல்லுங்க, நாம போய்ப் பார்த்துருவோம். ஏர்போர்ட்ல உக்காந்து சத்தம் போடுவோம். டிவிக்காரன் வருவான்ல, உங்களுக்குத்தான் டிவிக்காரன்னா பிடிக்குமே. பெத்த தகப்பனப் பார்க்கணும்னு கேட்டா எவன் தடுப்பான்?"

அவர் முகம் அப்போது இன்னும் சதையாகத்தான் இருந்தது. அதனால் அதில் வந்தது தெளிவாகவே தெரிந்தது. முதலில் துக்கம் வந்தது. அதன் பின்னாலேயே, ஒளித்து வைக்க நேரம் கிடைக்காமல், ஒரு நிம்மதி வந்தது. தீக்குச்சி மருந்து வாடை அடிக்கிற அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை, அந்தக் கிழவர் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தாங்க வேண்டியதில்லை, இனி காரணம் தேட வேண்டியதும் இல்லை.

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல செண்பகம்" என்றார்.

செண்பகவல்லி உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள்.

கோவில்பட்டியில் வெயில் கரிசலைப் பிளந்துகொண்டிருந்தது. சுடலைமுத்து கூடத்தில் நார்க்கட்டிலில் கிடந்தார். எத்தனை முறை கழுவினாலும் போகாத மருந்துக் கறை விரல் நுனிகளில் அப்படியே இருந்தது. மருமகளைப் பார்த்ததும் அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"அவன் வரலையாத்தா?"

விமானத்தில் வரும்போது அவள் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தாள். லீவு, விசா, முதலாளி எல்லாம் வருகிற நல்ல பொய். அந்தக் கண்களைப் பார்த்ததும் அதைக் கீழே போட்டுவிட்டாள்.

"வரமுடியல மாமா. அவுக கல்லாயிட்டாக. சுவரா நிக்காக."

பேச்சியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கிழவர் ஆச்சரியப்படவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார்.

"எது, வீட்டுச் சுவரா?"

"இல்ல மாமா, கோட்டைச் சுவரு. ராஜா காலத்துக் கோட்டை."

"ஒசரமா இருக்கானா?"

"அவுக ஒசரந்தான் மாமா."

"அங்க எந்நேரமும் மழைன்னு சொல்லுவான்லா." அவர் மறுபடி மூச்சு வாங்கினார். "சின்னப்பிள்ளையில தல நனைஞ்சாப் போதும், அவனுக்குச் சளி கட்டிரும். தலைக்கு மேல ஏதாவது மூடி வச்சிருக்கானுவளாத்தா?"

செண்பகவல்லி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். "வச்சிருக்காக மாமா" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்ணை மூடி அயர்ந்திருந்தார். கேட்டாரா என்று அவளுக்குத் தெரியாது. அந்த வாரத்திலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

மகன் எங்கே என்று சாவு வீட்டில் கேட்டார்கள். இங்கிலாந்தில் கோட்டையாகிவிட்டார் என்று சொன்னதும், "சர்க்கார் கோட்டையா, தனியாரா?" என்று ஒரு பெரியப்பா விசாரித்தார். சர்க்கார் என்று தெரிந்ததும், "அப்ப நிரந்தரந்தான்" என்று திருப்தியாகத் தலையாட்டினார். கொள்ளி வைக்க இன்னார் மகன் என்று நாலைந்து பங்காளிகள் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னே வந்தார்கள். பேச்சியம்மாள் யாரையும் பார்க்காமல் ஈரச் சேலையோடு போய்த் தீச்சட்டியை எடுத்துக்கொண்டாள். அவள் பின்னால் செண்பகவல்லி நடந்தாள். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று ஆரம்பித்த ஒருவரை அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் செருப்பைக் குனிந்து சரி செய்துகொண்டார்.

காரியம் முடிந்து அவள் லண்டனில் இறங்கியபோது ராஜகணபதி காரோடு வந்திருந்தார். வழியெல்லாம் அவள் மாமனாரைப் பற்றி வருத்தப்பட்டுக்கொண்டே வந்தவர், வீடு நெருங்கும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அக்கா, கென் அண்ணன் இப்ப வீட்டுல இல்லீங்க. எல்ம்செஸ்டருக்குக் கொண்டு போயிட்டாங்க. வடக்கு மதில்ல ஒரு உடைப்பு இருக்குதாமாங்க, பழைய காலத்துல பீரங்கிக் குண்டு பட்டது. அண்ணனை வச்சுப் பார்த்தாங்க, அளவெடுத்துச் செஞ்ச மாதிரி பொருந்திருச்சுங்க. யாரும் வற்புறுத்தலைங்க. அண்ணனே சரின்னுட்டாருங்க."

"அவுக அப்பா செத்தது தெரிஞ்சப்புறமா, முன்னாலயா?"

ராஜகணபதி சாலையைப் பார்த்து ஓட்டினார். "தெரிஞ்ச அன்னைக்குத்தானுங்க" என்றார். பிறகு, பேச்சை மாற்றுகிற உற்சாகத்தில், "ஞாயித்துக்கிழமை நம்ம குரூப் எல்லாம் அண்ணனைப் பார்க்கப் போறோமுங்க. நீங்களும் வந்துருங்க. பூமா புளியோதரை கட்டிருவா" என்றார்.

போனார்கள். மூன்று சுற்றுச் சுற்றிக் கார் நிறுத்தினார்கள். டிக்கியைத் திறந்து சாப்பிட்டார்கள். மேலே வானம் கறுத்துக் கிடந்தது. வடக்கு மதிலில், கழுத்துவரை கல்லோடு கல்லாகச் சுண்ணாம்புக் காரை பூசிச் சேர்க்கப்பட்டு, எண்ணூறு வருஷத்துக் கிறுக்கல்களையும் சுமந்துகொண்டு ஞானசிகாமணி நின்றார். முகம் மட்டும் கொஞ்சம் பாக்கியிருந்தது. எதிரே கயிறு கட்டி, தொடக்கூடாது என்று எழுதிப் போட்டு, பச்சைச் சட்டைக் காவலர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மில்டன் கீன்ஸ் சொந்தங்கள் வரிசையாகப் போய் அவருக்கு முதுகைக் காட்டி நின்று போனைப் பார்த்தார்கள்.

"அண்ணா, கொஞ்சம் சிரிங்க" என்றாள் பூமா.

அவர் சிரித்தார். உதட்டோரம் பொடி உதிர்ந்தது. எல்லோரும் நகர்ந்ததும் செண்பகவல்லி கயிற்றருகே போய் நின்றாள்.

"எல்லாரும் நல்லாப் பார்த்துக்கிறாங்க செண்பகம்" என்றார் அவர், வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி. "நேத்து ஒரு யுனிவர்சிட்டியில இருந்து வந்தாங்க. என் முதுகைப் பத்தி ஒருத்தர் ஆராய்ச்சி பண்றாராம்."

அவரைக் கேட்க வேண்டும் என்று விமானத்தில் அவள் அடுக்கி அடுக்கி வைத்திருந்த கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு செருப்படி. எதை முதலில் எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் யுனிவர்சிட்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினார். ஊர்க்காரர்கள் தன்னை வடக்குக் கல் என்று கூப்பிடுவதைச் சொன்னார். பேச்சு தானாகவே தேய்ந்து நின்றது. பிறகு, இங்கிலாந்து வந்ததிலிருந்து அவர் வாயில் அவள் கேட்டிராத பழைய கோவில்பட்டிக் குரலில், "அப்பா ஏதும் சொன்னாராட்டீ?" என்றார்.

செண்பகவல்லி அடுக்கி வைத்ததையெல்லாம் விட்டுவிட்டாள்.

"தலைக்கு மேல ஏதாவது மூடி வச்சிருக்கானுவளான்னு கேட்டாரு. தல நனைஞ்சா உங்களுக்குச் சளி கட்டுமாம்."

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. வாயைத் தவிர வேறெதுவும் அசைகிற நிலையில் இல்லை. ஆனால் இரண்டு கண்களிலிருந்தும் தண்ணீர் கிளம்பியது. கன்னத்தில் இறங்கி, கழுத்தில் இறங்கி, எவனோ வெட்டிய சிலுவையை நிரப்பி, காதலர்களின் இதயத்தை நிரப்பி, சிப்பாயின் கோடு ஒவ்வொன்றாக நிரப்பி, கெட்ட வார்த்தையையும் விடாமல் நிரப்பி, மதில் ஓரமாக வழிந்து நடைபாதையில் தேங்கியது. நிற்கவில்லை. காவலர் ஒயர்லெஸ்ஸில் யாரையோ கூப்பிட்டார். சற்று நேரத்தில் விட்டேக்கர் அம்மாள் ஈரம் அளக்கும் கருவியோடு மூச்சிரைக்க ஓடி வந்து, நெற்றியில் வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"கசிவு. வடக்குப் பக்கம் எப்போதும் இப்படித்தான். கவலைப்படாதீர்கள், நாளைக்கே அந்த இரண்டு துவாரங்களையும் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிடுகிறோம்."

"அது கசிவில்ல" என்றாள் செண்பகவல்லி. "அழுகாரு."

"நாங்கள் அதைக் கசிவு என்றுதான் பதிவு செய்வோம்" என்றாள் அந்த அம்மாள், மிக மென்மையாக.

செண்பகவல்லி கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போனாள். தன் கழுத்தில் கிடந்த சால்வையை உருவி, அவர் முகத்தை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குத் துடைப்பதுபோல் அழுத்தித் துடைத்தாள். பாசி கையோடு வந்தது. பின்னால் நின்ற கூட்டத்தில் போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"மேடம்," என்றார் பச்சைச் சட்டைக்காரர், "பொருளைத் தொடக்கூடாது."

"பொருளாம்ல பொருளு," என்றாள் அவள், கோவில்பட்டிச் சந்தையில் நாலு கடை தள்ளிக் கேட்கிற குரலில், தமிழிலேயே. "எம் புருசன்டா இது. போய் வேற சுவரைப் பாரு."

சொல்லிவிட்டு, சால்வையின் நனையாத முனையைத் தேடி எடுத்து, அவருடைய மற்றக் கண்ணையும் துடைக்க ஆரம்பித்தாள்.